உரிமைக்காரனை விட்டு எழுதிய பத்திரம்

"அரபுக்காரர்களே இஸ்ரேலோடு கைகுலுக்கிவிட்டார்கள். அவர்களைவிடப் பாலஸ்தீனத்துக்கு நெருங்கிய சொந்தமா நாம்?" தொலைக்காட்சி விவாதங்களில் புறப்பட்ட இந்தக் கேள்வி கோவில்பட்டி டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று சொல்ல முடியாது. நான்கு போர்கள் நடத்திய நாடுகள் தூதரகம் திறந்து, விமானம் விட்டு, வியாபாரம் செய்தால் அது நல்லதுதானே என்று நினைப்பது சாதாரண நியாயம். அந்த நியாயத்துக்குத் துணையாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. புறக்கணிப்பால் பாலஸ்தீனர்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடத் திரும்பவில்லை, உறவு வைத்தால்தான் இஸ்ரேலிடம் எடுத்துச் சொல்ல முடியும் என்பது முதல் காரணம். அரபு அரசுகளே ஒப்புக்கொண்டதை மறுக்க மற்றவர்களுக்கு அருகதை இல்லை என்பது இரண்டாவது. இந்தியா 1992 முதல் இரண்டு பக்கமும் உறவு வைத்துக்கொண்டு, யாரையும் பகைக்காமல், சொட்டுநீர்க் குழாய் முதல் ஏவுகணை வரை வாங்கிக்கொண்டது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே அனுமானம்தான்: ஒரு மக்களின் வழக்கை, அந்த மக்கள் இல்லாத அறையில், மற்றவர்கள் பேசி முடித்துவிடலாம். அந்த அனுமானம் தவறு என்பதற்கு அரபு நாடுகளின் வரலாறே சாட்சி. இந்தியாவின் முப்பதாண்டு அனுபவமும் சாட்சி. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழர்கள் பட்ட பாடு மூன்றாவது சாட்சி.

முதலில் எகிப்து. உறவு வைத்தால் நிலம் திரும்பும் என்பவர்கள் காட்டும் பெரிய உதாரணம் அதுதான். உதாரணம் பொய்யும் அல்ல. 1977 நவம்பரில் எகிப்து அதிபர் அன்வர் சதாத் ஜெருசலேம் போனார். 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட் உடன்பாடு, 1979 மார்ச் 26-ல் சமாதான ஒப்பந்தம். 1982 ஏப்ரலுக்குள் தாபா என்ற சிறு துண்டு நீங்கலாக சினாய் முழுவதும் எகிப்துக்குத் திரும்பிவிட்டது. யமித் என்ற குடியேற்ற நகரை இஸ்ரேல் ராணுவமே இடித்துக் காலி செய்தது. ஆனால் கேம்ப் டேவிட்டில் எழுதப்பட்டவை இரண்டு ஆவணங்கள். இரண்டாவது ஆவணம் மேற்குக் கரைக்கும் காஸாவுக்கும் ஐந்தாண்டு இடைக்காலத் தன்னாட்சியை வாக்களித்தது. அது நடக்கவேயில்லை. 1980-ல் முழு ஜெருசலேமும் தன் தலைநகரம் என்று இஸ்ரேல் சட்டம் போட்டது. 1981-ல் கோலான் குன்றுகளுக்குத் தன் சட்டத்தை நீட்டித்தது. சினாயை விட்டு வெளியேறிய ஆறு வாரத்தில் லெபனானுக்குள் படை போனது. 1977-ல் மேற்குக் கரையில் சுமார் 5,000 பேராக இருந்த குடியேறிகள் 1983-க்குள் 20,000-ஐத் தாண்டினார்கள். ஒரே மேசையில் ஒரே நாளில் கையெழுத்தான இரண்டு தாள்களில் ஒன்று பலித்தது, மற்றது குப்பைக்குப் போனது. சினாய்க்கு உரியவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார், நிலம் கைக்கு வரும்வரை சமாதானத்தைத் தவணை தவணையாகத்தான் கொடுத்தார். மேற்குக் கரைக்கு உரியவர்கள் அங்கே இல்லை. அரபு நாடுகளிலேயே பெரிய ராணுவம் போட்டியிலிருந்து விலகிய பிறகு, அவர்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதால் இஸ்ரேலுக்கு எந்த நட்டமும் இல்லாமல் போயிற்று.

"பாலஸ்தீனர்கள் பிடிவாதக்காரர்கள், அதனால்தான் மேசைக்கு வரவில்லை" என்று இதற்குப் பதில் வரும். அப்படியானால் 1993-ஐப் பார்ப்போம். அந்த ஆண்டு செப்டம்பர் 9-ல் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராஃபத் இஸ்ரேல் பிரதமர் யிட்சாக் ராபினுக்குக் கடிதம் எழுதி, இஸ்ரேல் அமைதியோடு வாழும் உரிமையை ஏற்றார், வன்முறையைக் கைவிடுவதாக உறுதி சொன்னார். பதிலுக்கு ராபின் எழுதிய கடிதம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அந்த மக்களின் பிரதிநிதியாக ஏற்றதே ஒழிய, பாலஸ்தீன நாடு என்ற பேச்சை எடுக்கவில்லை. அதாவது இஸ்ரேலுடன் உறவைச் சீராக்கியவர்களில் பாலஸ்தீனர்களே முன்வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு ஜோர்டான் வந்தது. விளைவு என்ன? இந்தக் கடிதங்களை அடுத்து ஓஸ்லோ உடன்பாடு கையெழுத்தானபோது மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, சுமார் 1,10,000 குடியேறிகள் இருந்தார்கள். இன்று சுமார் 5 லட்சம். கிழக்கு ஜெருசலேமில் இன்னும் 2 லட்சத்துக்கு மேல். விலை பேசாமல் முன்கூட்டியே கொடுத்த அங்கீகாரம் நல்லெண்ணத்தை வளர்க்கவில்லை, குடியிருப்புகளைத்தான் வளர்த்தது. பிடிவாதம் பிடித்ததால் நட்டமடைந்தார்கள் என்பவர்கள், விட்டுக்கொடுத்த காலத்தில் நேர்ந்த இந்த நட்டத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

அரபு நாடுகள் இதை உணராமல் இருக்கவில்லை. 2002 மார்ச்சில் பெய்ரூட் மாநாட்டில் சவூதி இளவரசர் அப்துல்லா முன்வைத்து அரபு லீக் ஏற்ற திட்டம் விலையைத் தெளிவாக எழுதியது. 1967-ல் பிடித்த நிலத்திலிருந்து வெளியேறு, கிழக்கு ஜெருசலேமைத் தலைநகராகக் கொண்ட பாலஸ்தீன நாட்டை ஏற்றுக்கொள், அகதிகள் பிரச்சினைக்கு நியாயமான தீர்வு காண். செய்தால் மொத்த அரபு உலகமும் உன்னோடு உறவு கொள்ளும். பாலஸ்தீனர்களிடம் படை இல்லை, எண்ணெய் இல்லை, எல்லைகூட இல்லை. இஸ்ரேல் விரும்பி, அவர்கள் பெயரால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரே பொருள் இந்த அரபு அங்கீகாரம்தான். 2020 செப்டம்பர் 15-ல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும் இஸ்ரேலோடு ஆபிரகாம் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டபோது அந்தப் பொருள் வேறு விலைக்குப் போயிற்று. அமீரகத்துக்கு எஃப்-35 விமானம் தருவதாகப் பேச்சு. அதுவும் பின்னால் முடங்கியது. பிறகு சேர்ந்த மொராக்கோவுக்கு மேற்குச் சஹாரா மீதான இறையாண்மைக்கு அமெரிக்க ஒப்புதல். சூடானுக்குப் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து விடுதலை. பெற்றவர்கள் எல்லோரும் தங்களுக்காகப் பெற்றார்கள். கரிசல்காட்டில் பாகப் பத்திரம் எழுதிய யாருக்கும் இது தெரியும்: உடன்பிறந்தான் ஒருவனை விட்டுவிட்டு மற்றவர்கள் சேர்ந்து எழுதிய பத்திரத்தில் பதிவு அலுவலக முத்திரை விழுந்தாலும் வழக்கு முடியாது, அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. "அமீரகம் கையெழுத்திட்டதால்தான் மேற்குக் கரையின் பெரும்பகுதியை இஸ்ரேல் தன்னோடு இணைப்பது நின்றது" என்பார்கள். 2020 ஜூலையில் மேற்குக் கரையில் சுமார் 30 சதவீதத்தை இணைக்கப்போவதாக இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அறிவித்திருந்தது உண்மை. அமீரக உடன்பாட்டால் அது தள்ளிவைக்கப்பட்டதும் உண்மை. 2025 செப்டம்பரில் மறுபடியும் இணைப்புப் பேச்சு எழுந்தபோது அமீரகம் அதைச் சிவப்புக் கோடு என்று எச்சரித்ததும் உண்மை. ஆனால் இந்த உண்மைகள் யாருக்குச் சாதகமானவை? அமீரகத் தூதர் யூசுஃப் அல் ஒதைபா 2020 ஜூன் 12-ல் இஸ்ரேலியப் பத்திரிகை ஒன்றில் ஹீப்ரு மொழியிலேயே கட்டுரை எழுதி, இணைப்பு வேண்டுமா உறவு வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றார். அந்த எச்சரிக்கைக்குப் பலம் வந்தது உறவு இன்னும் கொடுக்கப்படாமல் இருந்ததால். 2025-லும் பலித்தது, கொடுத்ததைத் திரும்ப எடுப்போம் என்ற மிரட்டல்தான். பலன் தந்த இரண்டு தருணங்களிலும் பலன் தந்தது நிபந்தனை. நிபந்தனையில்லாத உறவு நடந்த இடைப்பட்ட ஐந்தாண்டில், காகிதத்தில் நின்ற இணைப்பு மண்ணில் நடந்துகொண்டே இருந்தது. 2023 பிப்ரவரியில் ஒன்பது அனுமதியற்ற குடியேற்றங்களை இஸ்ரேல் அமைச்சரவை சட்டபூர்வமாக்கியது. மேற்குக் கரையின் சிவில் நிர்வாக அதிகாரத்தில் பெரும்பங்கு குடியேறிகளின் தலைவரான நிதியமைச்சர் பெசலேல் ஸ்மோட்ரிச் கைக்குப் போயிற்று. 2025 ஆகஸ்டில் கிழக்கு ஜெருசலேமை மேற்குக் கரையிலிருந்து துண்டிக்கும் ஈ-1 திட்டம் அனுமதி பெற்றது. பாலஸ்தீன நாடு என்ற எண்ணத்தையே அது புதைக்கிறது என்று ஸ்மோட்ரிச் வெளிப்படையாகச் சொன்னார்.

ஆபிரகாம் ஒப்பந்தங்கள் வட்டாரத்தையே அமைதிப்படுத்தும் என்றார்கள். கையெழுத்தாகி எட்டு மாதத்தில், 2021 மே மாதம், காஸாவில் போர். 2022-ல் மேற்குக் கரையில் கொல்லப்பட்ட பாலஸ்தீனர்களின் எண்ணிக்கை 2005-க்குப் பிறகு மிக அதிகம் என்று ஐ.நா. பதிவு செய்தது. 2023 செப்டம்பர் 22-ல் ஐ.நா. பொதுச்சபையில் நெதன்யாகு 'புதிய மத்தியக் கிழக்கு' என்று ஒரு வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார். அதில் சவூதி அரேபியா உண்டு, அமீரகம் உண்டு, பாலஸ்தீனம் இல்லை. இரண்டு வாரம் கழித்து அக்டோபர் 7. அன்று ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிணையாகப் பிடித்துப்போனது. பொதுமக்களைத் தேடித் தேடிக் கொன்ற அந்தச் செயலுக்கு எந்த வரலாறும் நியாயம் ஆகாது. சவூதி உறவைக் கெடுப்பதற்காகத்தான் ஹமாஸ் அப்படிச் செய்தது, ஆகவே உறவை எதிர்ப்பவர்கள் சமாதானத்தின் எதிரிகள் என்று வாதிடுபவர்களுக்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று, ஹமாஸ் ஆளாத மேற்குக் கரையில், இஸ்ரேலை ஏற்று அதன் பாதுகாப்புப் படையோடு ஒத்துழைத்து வந்த பாலஸ்தீன ஆணையத்துக்குக் கிடைத்தது மேலே சொன்ன குடியேற்றக் கணக்குதான். பேசிப் பெறுவோம் என்றவர்களை வெறுங்கையோடு நிறுத்தினால், துப்பாக்கி எடுத்தவனின் பேச்சுத்தான் தெருவில் எடுபடும். இரண்டு, அக்டோபர் 7-க்குப் பிறகு நடந்த போரில் இரண்டு ஆண்டில் காஸாவில் 67,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்கிட்டது. அந்த இரண்டு ஆண்டும் ஆபிரகாம் ஒப்பந்த நாடுகளின் தூதரக உறவு அறுந்துவிடாமல் இருந்தது. எடுத்துச் சொல்லத்தான் உறவு என்றால், எடுத்துச் சொல்ல அதைவிடப் பெரிய தருணம் எது?

புறக்கணிப்பு மட்டும் என்ன சாதித்தது என்பது நேர்மையான கேள்வி. 1948 முதல் 1977 வரை அரபு நாடுகள் காட்டிய வெறும் மறுப்பு, அகதிகளை முகாம்களிலேயே உட்கார வைத்தது. பல அரசுகளுக்கு அது உள்நாட்டு மக்களை ஏய்க்கும் கோஷமாகவும் பயன்பட்டது. அந்த வெறும் மறுப்பு இந்தக் கட்டுரை கேட்பது அல்ல. இஸ்ரேல் அசைந்த சந்தர்ப்பங்களைப் பார்த்தால் ஒன்று புலப்படும். எகிப்து நிலத்துக்கு ஈடாகச் சமாதானம் என்றது, நிலம் வந்தது. 1991-ல் அமெரிக்க அதிபர் மூத்த புஷ், குடியேற்றங்களை முன்னிட்டு 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை நிறுத்தி வைத்தார். தயங்கிக்கொண்டிருந்த யிட்சாக் ஷமீர் அரசு அந்த அக்டோபரில் மாட்ரிட் மாநாட்டுக்கு வந்து உட்கார்ந்தது. கதவை நிரந்தரமாக அடைப்பதும் பயனில்லை, விலை பேசாமல் திறந்துபோடுவதும் பயனில்லை. இடையில் நிபந்தனையோடு திறக்கும் வழி ஒன்று இருக்கிறது. 2002 திட்டம் அந்த வழிதான். அதைத்தான் 2020-ல் கைவிட்டார்கள்.

இனி இந்தியா. 1947-ல் பாலஸ்தீனப் பிரிவினைக்கு எதிராக ஐ.நா.வில் வாக்களித்த நாடு இது. 1950 செப்டம்பரில் இஸ்ரேலை அங்கீகரித்தது, ஆனால் முழுத் தூதரக உறவு வைக்கவில்லை. 1974-ல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை ஏற்ற முதல் அரபு அல்லாத நாடு. 1988-ல் பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்தது. 1992 ஜனவரி 29-ல் நரசிம்ம ராவ் அரசு இஸ்ரேலுடன் முழு உறவை அறிவித்தபோது சொல்லப்பட்ட நியாயம், சமாதானப் பேச்சில் இந்தியாவும் பங்கெடுக்க முடியும் என்பது. சில நாட்களுக்கு முன் டெல்லி வந்திருந்த அராஃபத் அது இந்தியாவின் இறையாண்மை உரிமை என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்ரிட் மாநாடு தொடங்கிவைத்த பேச்சு நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் இந்த நியாயத்துக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். ஆனால் பிற்பாடு நிபந்தனையே இல்லாத ஒரு கோட்பாடாக அது திரண்டது: இஸ்ரேல் உறவு வேறு, பாலஸ்தீன உறவு வேறு, ஒன்று மற்றதைத் தொடாது. 2017 ஜூலையில் இஸ்ரேலுக்குப் போன முதல் இந்தியப் பிரதமர் ரமல்லாவில் கால் வைக்காமல் திரும்பியதும், 2018 பிப்ரவரியில் தனியாக ரமல்லா போய்வந்ததும் அந்தக் கோட்பாட்டின் அரங்கேற்றம். அபுதாபி 2020-ல் கண்டுபிடித்ததை டெல்லி அதற்கு முன்பே நடைமுறையில் வைத்திருந்தது.

இரண்டையும் பிரித்து வைத்ததில் பாலஸ்தீனர்களுக்கு ஒன்றும் குறையவில்லை என்பார்கள். பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்புக்கு இந்தியா ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் கொடுக்கிறது, அதை மறுக்க வேண்டாம். மற்ற கணக்கையும் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் காஸாவில் போர் இடைநிறுத்தம் கோரிய ஐ.நா. தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. அதை 12 மாதத்தில் முடிக்கக் கோரிய செப்டம்பர் மாதத் தீர்மானத்திலும் ஒதுங்கியது. 2025 ஜூனில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தபோதும் ஒதுங்கியது. போர் தொடங்கியதும் இஸ்ரேல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளர்களின் வேலை அனுமதியை ரத்து செய்தது. காலியான சாரங்களில் ஏற, 2024 ஜனவரியில் ஹரியானாவின் ரோத்தக்கிலும் பிறகு லக்னோவிலும் கொத்தனார், கம்பி கட்டுபவர், டைல்ஸ் ஒட்டுபவர் என்று ஆள் எடுப்பு நடந்தது. வேலையில்லாத நம் இளைஞர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு மக்களைப் பட்டினி போட்டுப் பணியவைக்கும் நடவடிக்கை, தொழிலாளர் பற்றாக்குறையால் இஸ்ரேலுக்கே வலிக்க வேண்டிய நேரத்தில், அந்த வலியைப் போக்கியது இந்த ஏற்பாடு. மத்தியத் தொழிற்சங்கங்கள் அன்றே இதைக் கண்டித்தன. 2025 செப்டம்பர் 8-ல் டெல்லியில் இந்தியா இஸ்ரேலுடன் முதலீட்டு ஒப்பந்தம் போட்டது. இஸ்ரேல் சார்பில் கையெழுத்திட்டவர், ஈ-1 திட்டத்தைக் கொண்டாடிய, பிரிட்டனும் கனடாவும் உள்ளிட்ட ஐந்து நாடுகள் ஜூன் மாதம் தடை விதித்த அதே ஸ்மோட்ரிச். நான்கு நாள் கழித்து, இரு நாட்டுத் தீர்வை ஆதரிக்கும் நியூயார்க் பிரகடனத்துக்கு இந்தியா ஐ.நா.வில் ஆதரவாக வாக்களித்தது. வாக்கு பாலஸ்தீனருக்கு, முதலீடு அந்த வாக்கைச் செல்லாததாக்குபவருக்கு. ஒன்று மற்றதைத் தொடாது என்ற கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

"இஸ்ரேல் உறவு இல்லையென்றால் சொட்டுநீர் ஏது?" என்பது விவசாயம் சார்ந்த ஊர்களில் அடிக்கடி கேட்கிற வாதம். நெட்டாஃபிம் 1965-ல் நெகேவ் பாலைவனத்தின் ஹட்ஸரிம் கிப்புட்ஸில் பிறந்தது உண்மை. ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிக்கும் தளியில் கொய்மலருக்கும் இந்திய–இஸ்ரேல் மகத்துவ மையங்கள் இருப்பதும் உண்மை. ஆனால் 1992-க்கு முன்பே ஜல்கானின் ஜெயின் நிறுவனம் சொட்டுநீர்க் குழாய் விற்கத் தொடங்கிவிட்டது. நெட்டாஃபிமின் 80 சதவீதப் பங்கு 2018-லிருந்து ஒரு மெக்சிகோ நிறுவனத்திடம் இருக்கிறது. தொழில்நுட்பம் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. அதற்காக ஐ.நா.வில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எந்த விலைப்பட்டியலிலும் எழுதியில்லை. கரிசலில் அந்தக் குழாய் எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் பார்க்கலாம். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துக் காடுகள் பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற நிலம். சிறு குறு விவசாயிக்கு அரசு 100 சதவீத மானியம் கொடுத்தாலும், கிணற்றில் தண்ணீர் இல்லாதவன் காட்டில் பதினாறு மில்லிமீட்டர் கறுப்புக் குழாய் எதைச் சொட்டும்? தண்ணீர் இருக்கிற இடத்திலும் உப்புப் படிந்து துவாரம் அடைத்து, ஆசிட் விட்டுக் கழுவி மாளவில்லை. இந்த மண்ணைக் காப்பாற்றியவை கண்மாயும் ஊருணியும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுக்கு மேலாகத் தந்த மானாவாரி ரகங்களுக்கும் அதில் பங்குண்டு.

தண்ணீர் பேச்சு வந்ததால் அதிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். நம் பக்கத்தில் ஒரு விவசாயி காட்டு மூலையில் பண்ணைக்குட்டை வெட்டினால் வேளாண் பொறியியல் துறை அளந்து பார்த்து மானியம் தருகிறது. மேற்குக் கரையில் ஹெப்ரோனுக்குத் தெற்கே உள்ள மலைகள் கிட்டத்தட்ட நம்மைப்போல மானாவாரிச் சீமை. ஆடு மேய்த்தும் கோதுமை, பார்லி விதைத்தும் பிழைக்கிற ஊர்கள். அங்கே பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டி வெட்ட ராணுவ அனுமதி வேண்டும். 1967 நவம்பரில் போட்ட 158-ம் எண் ராணுவ ஆணை இன்றும் அமலில் இருக்கிறது. அனுமதி கிடைப்பது அரிது, அனுமதியில்லாத தொட்டியை இடிப்பது வாடிக்கை. இஸ்ரேலியர் ஒருவர் நாளொன்றுக்குப் பயன்படுத்துவது சராசரி 247 லிட்டர், மேற்குக் கரைப் பாலஸ்தீனர் 82 லிட்டர், குழாய் இணைப்பில்லாத ஊர்களில் 26 லிட்டர் என்று இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம் 2023-ல் கணக்குக் கொடுத்தது. 2021 நவம்பரில் அமீரகத்தின் முன்முயற்சியில் ஜோர்டானும் இஸ்ரேலும் ஒரு தண்ணீர்த் திட்டத்துக்கான விருப்ப ஆவணத்தில் கைச்சாத்திட்டன. ஜோர்டான் சூரிய மின்சாரம் கொடுக்கும், இஸ்ரேல் ஆண்டுக்கு 20 கோடி கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும். உறவின் பயன் என்று அதைப் போற்றினார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவே தாகத்தோடு கிடக்கும் மேற்குக் கரை அந்த மூவரின் ஏற்பாட்டில் இல்லை. காஸா போர் வந்ததும் 2023 நவம்பரில் ஜோர்டானே இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டேன் என்று பின்வாங்கியது. விட்டுப்போனவர்களை விட்டுப்போனபடியே வைத்துக்கொண்டு கட்டியது, கட்டியவர்களுக்கே நிற்கவில்லை.

இதெல்லாம் எங்கோ நடக்கும் கதை என்று கரிசல்காட்டில் யாரும் சொல்ல முடியாது. பஞ்ச காலங்களில் இந்தச் சீமையிலிருந்து தட்டப்பாறை முகாம் வழியாகத் தூத்துக்குடியில் கப்பலேறிக் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். 1948-ல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களின் வாரிசுகளை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பேசப்பட்ட மக்களின் சார்பில் ஒருவர்கூடக் கையெழுத்திடவில்லை. இரு நாட்டு நட்புக்கு இருந்த முள் நீங்கியது என்று அன்று புகழ்ந்தார்கள். விண்ணப்பம் போடச் சொன்னபோது இலங்கை ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிக அதிகமானவர்கள் அங்கேயே இருக்க விரும்பினார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியா வந்து நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் நூற்பாலைகளிலும் 'சிலோன்காரர்கள்' என்ற பெயரோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அங்கே தங்கியவர்களின் பிரச்சினை நகர்ந்தது 1986-ல், தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தியபோது. முடிந்தது 2003-ல், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வசித்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் குடியுரிமை தந்த சட்டத்தில். இரு பிரதமர்கள் தீர்த்துவிட்டதாகச் சொன்னது தீர முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. தீர்த்தது அவர்களின் ஒப்பந்தம் அல்ல, ஒப்பந்தம் கணக்கில் எடுக்காத அந்த மக்களின் சங்கமும் வாக்கும். 1987 ஜூலை 29-ல் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் போட்ட ஒப்பந்தத்திலும் தமிழர் தரப்புக் கையெழுத்து இல்லை. அது மூன்று மாதம் தாங்கவில்லை.

யூதர்களைப் பார்த்துத் தமிழர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசும் தமிழ்ப் பற்றாளர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. 1984-ல் ஜெயவர்த்தனா அரசு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஓர் அலுவலகம் திறந்துகொடுத்து அதன் உளவுப் பயிற்சியாளர்களை அழைத்தது. 1996-ல் இலங்கை விமானப் படைக்கு வந்த கிஃபிர் விமானங்கள் இஸ்ரேல் தயாரிப்பு. அவை குண்டு போட்டது வடக்கிலும் கிழக்கிலும். அரசுகள் அரசுகளோடு நட்பு கொள்ளும்போது எந்தப் பக்கம் நிற்கும் என்பதற்கு இதுவே போதும். நாடற்ற மக்கள் தங்களுக்கு உவமை தேடினால் பாலஸ்தீனரிடம்தான் தேட வேண்டியிருக்கும்.

கடைசி ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது: அரபு அரசுகளே விட்டுக்கொடுத்ததை இந்தியா ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்கு என்ன பலம் இருக்கிறது? அமீரகமும் பஹ்ரைனும் மன்னராட்சிகள். அங்கே எந்த மக்களும் இந்த ஒப்பந்தத்துக்கு வாக்களிக்கவில்லை. ஆகவே அரபு மக்களின் ஒப்புதல் என்று அதைச் சொல்ல ஆதாரம் இல்லை. பலத்தைப் பொறுத்தவரை, இந்தியா இஸ்ரேல் ஆயுதங்களின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. 2023 செப்டம்பரில் டெல்லி ஜி-20 மாநாட்டில் அறிவித்த பொருளாதார வழித்தடம் வளைகுடா, ஜோர்டான் வழியாக ஹைஃபாவுக்குத்தான் போகிறது. அந்தத் துறைமுகமே இந்தியப் பெருநிறுவனம் ஒன்றின் கையில் இருக்கிறது. சரக்கு வாங்குபவனுக்குக் குரல் இல்லை என்று எந்தச் சந்தையும் சொல்லாது. செய்யக்கூடியவை புரட்சியும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் வகுத்த விதிப்படி, இஸ்ரேலுடனான தன் நிதி உடன்பாடுகளில் ஆக்கிரமித்த நிலத்திலுள்ள குடியேற்றங்களைச் சேர்ப்பதில்லை. முதலீட்டு ஒப்பந்தத்தில் அதே விதியை இந்தியா கேட்கலாம். பாலஸ்தீனத் தொழிலாளர்களுக்கு வேலை அனுமதி திரும்பும்வரை அவர்கள் இடத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தலாம். 1988-ல் அங்கீகரித்த நாட்டின் நிலத்தை ஆக்கிரமிப்பது சட்டவிரோதம் என்று சொல்லும் தீர்மானத்தில் ஒதுங்காமல் இருக்கலாம். ஹைஃபா வழித்தடத்தில் ரமல்லாவுக்கும் ஒரு நாற்காலி கேட்கலாம். இவற்றில் எதற்கும் இஸ்ரேல் தூதரகத்தை மூட வேண்டியதில்லை. உறவுக்கு ஒரு விலை குறிக்க வேண்டும், அந்த விலையைப் பாலஸ்தீனர்களின் கையில் சேர்க்க வேண்டும். அப்படி விலை குறித்த உறவுதான் சினாயைத் திருப்பித் தந்தது. விலை குறிக்காத உறவு இதுவரை ஒரு சென்ட் நிலத்தையும் திருப்பவில்லை. புறக்கணிப்புக்கு எதிராகக் கேட்கப்படுகிற கேள்வியை இனி இந்த உறவை ஆதரிப்பவர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.